கண்டெடுத்தவர்

குன்னூர்ச் சந்தைக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் பழத்தை முகர்ந்து பார்ப்பதில்லை. வேர்காட்டியை நீட்டுகிறார்கள். விரல் நீளமுள்ள அந்தக் கருவியின் நுனி தோலைத் தொட்டதும், அது பழத்தின் மரபெழுத்தைப் படித்துவிடும். என்ன ரகம், எந்தச் சரிவில் நின்ற காட்டுச்செடியிலிருந்து அந்தப் பரம்பரை தொடங்கியது, அந்தச் செடியைக் கண்டெடுத்தவர் யார் என்று கனிவான ஒரு பெண்குரலில் சொல்லும். போலி ரகங்களைத் தடுப்பதற்காக வந்த கருவி அது. வந்த சில ஆண்டுகளில் மக்களுக்கு அந்தக் குரல் பழகிப்போயிற்று. பிறகு அது இல்லாமல் சாப்பிடப் பிடிக்காமல் போயிற்று. கல்யாண வீடுகளில் தாம்பூலத் தட்டுப் பழங்களைக்கூட ஒருமுறை பேசவைத்த பிறகுதான் விருந்தினருக்குத் தருகிறார்கள்.

எஸ்தர் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் பள்ளிச் சீருடை அணிந்த ஒருத்தி ஒரு ஸ்ட்ராபெரியைத் தொட்டாள்.

"ஓயாமலர். மூலம், கரடிப்பள்ளம் சரிவு. கண்டெடுத்தவர், லீதியாள் ஞானமுத்து."

எதிர்வரிசையில் இன்னொரு வேர்காட்டி அதையே சொன்னது. அதற்கடுத்த கடையிலும் சொன்னது. ஒரு சந்தை முழுக்கத் தங்கையின் பெயர் பழக்கூடைகளிலிருந்து எழுந்து வருவதைப் பத்து ஆண்டுகளாக எஸ்தர் கேட்டு வருகிறாள். காது மரத்துப்போகும் என்று முதலில் நினைத்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. கூட்டத்தில் யாராவது நம் காலை மிதித்தால் அது எத்தனையாவது மிதி என்று பார்த்தா வலிக்கிறது?

"வாங்க வாங்க," என்றாள் கடைக்காரி மாதி. கேத்தி பக்கத்தில் சொந்தமாக ஸ்ட்ராபெரித் தோட்டம் வைத்திருக்கும் படுகப் பெண். பக்கத்தில் நின்றவரிடம் பெருமையாக அறிமுகப்படுத்தினாள்: "நம்ம லீதியாள் மேடத்தோட அக்கா."

எஸ்தரும் அதே மலைப்பழ ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறாள். தங்கைக்கு ஆறு ஆண்டுகள் முன்பே சேர்ந்தவள். அதைச் சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்பதால் சிரித்துவைத்தாள்.

மாதி கூடைக்கு அடியிலிருந்து ஒரு காம்பை எடுத்து நீட்டினாள். அதில் இருந்த பூவின் நடுப்பகுதி, தீக்குச்சி வைத்து அணைத்ததுபோல் கறுத்திருந்தது. "போன வாரத்துலேர்ந்து இப்படித்தான் இருக்குங்க. ஒரு பாத்தியில ஆரம்பிச்சுது, இப்ப நாலு பாத்தி. மேடத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

"என்கிட்டயே சொல்லலாமே, மாதி."

"உங்ககிட்டதானே சொல்றேன்," என்றாள் மாதி, எதுவும் புரியாமல்.

ஓயாமலரின் கதை மலையில் எல்லாருக்கும் தெரியும். பனிக்காலம் சுருங்கிப்போன பிறகு, பழைய தோட்டத்து ஸ்ட்ராபெரிகள் பூப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இலையை மட்டும் விட்டுக்கொண்டு நின்றன. காட்டு ஸ்ட்ராபெரியோ குளிர் விலகியதும் ஒருமுறை பூத்துவிட்டு, அடுத்த ஆண்டுவரை வாயை மூடிக்கொள்ளும். அதன் உள்ளே ஒரு தடுப்பு மரபணு இருக்கிறது; 'போதும், நிறுத்து' என்று செடிக்குச் சொல்லும் மரபணு. அந்தத் தடுப்பு உடைந்துபோன ஒரே ஒரு காட்டுச்செடியை லீதியாள் கரடிப்பள்ளத்தில் கண்டெடுத்தாள். அது பன்னிரண்டு மாதமும் பூத்தது.

ஆய்வகத்தில் பருவப்பேழை என்ற ஒரு பெட்டி உண்டு. ஓர் ஆண்டின் வெயிலையும் மழையையும் பனியையும் சில நாட்களுக்குள் சுருக்கி, ஒரு தலைமுறைச் செடியை அவசரமாக வளர்த்து முடிக்கும் பெட்டி. அதில் அந்தக் காட்டுச்செடியின் வாரிசுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்து, கட்டைவிரல் பருமனுக்குப் பழம் தரும் ரகத்தை லீதியாள் எடுத்தாள். தோட்டத்து ஸ்ட்ராபெரிக்கு மரபுத்தொகுதி எட்டு, காட்டுச்செடிக்கு இரண்டு. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது. ஓயாமலர் அப்படியில்லை, அது காட்டின் சொந்தப் பிள்ளை. அதுதான் அதன் பெருமை என்று அன்று எல்லாரும் எழுதினார்கள். அடிவாரத்திலும் மேட்டிலும் தேனீக்கள் அழிந்து ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அவற்றின் இடத்தில் தோட்டந்தோறும் பறந்த தும்பிப்பொறிகள் என்ற சிறு இயந்திரங்கள் ஓயாமலருக்கு ஆண்டு முழுவதும் மகரந்தம் சுமந்தன.

கண்டெடுத்த நாளின் கதையை லீதியாள் பேட்டிகளில் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். ஐப்பசி மழை. அக்காவும் தங்கையும் மாதிரிச்செடிகள் தேடிப் போயிருந்தார்கள். கணுக்காலில் ஏறிய அட்டையைப் பிடுங்க லீதியாள் குனிந்தபோது, பூக்கவே கூடாத அந்த மாதத்தில் ஒரு வெள்ளைப் பூ கண்ணில் பட்டது. "அட்டைக்குத்தான் நான் நன்றி சொல்லணும்," என்பாள். பிறகு கட்டாயம் இதையும் சேர்ப்பாள்: "அக்கா எனக்கு முன்னாடியே அந்த இடத்தைத் தாண்டிப் போயிட்டா."

அது பொய்யில்லை. எஸ்தர் அந்தச் செடியைத் தாண்டித்தான் போனாள். அவள் காலணித் தடம் அதற்கு ஒரு சாண் பக்கத்தில் இருந்தது. அன்று தன் காலை ஓர் அட்டையும் ஏன் கடிக்கவில்லை என்று ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் யோசிக்க முடியும் என்பதை, அதை யோசிக்காதவர்கள் நம்பமாட்டார்கள்.

மாதி காட்டிய கறுப்புப் பூவுக்கு ஆய்வகம் பூக்கருகல் என்று பெயர் வைத்தது. அது விரிந்த பூவில் மட்டும் வாழும் ஒரு பூஞ்சணம். புதியதும் அல்ல. முன்பெல்லாம் பூ இல்லாத மாதங்களில் பட்டினி கிடந்து செத்துப்போகும், அடுத்த பருவத்தில் எங்கிருந்தோ ஒன்றிரண்டு மீண்டும் தலைகாட்டும். ஓயாமலர் வந்த பிறகு அதற்குப் பட்டினி மாதமே இல்லை. மருந்து அடித்தால் அடங்கியது, பின் மருந்துக்கே பழகிக்கொண்டது.

நோய்க்கு மருந்து ஓய்வுதான் என்பது எல்லாருக்கும் புரிந்தது. உடைந்த தடுப்பை ஓயாமலருக்குள் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆண்டில் நாலு மாதமாவது அது பூக்காமல் இருக்க வேண்டும். மரபெழுத்தை நேரடியாகத் திருத்தச் சட்டம் இடம் தராது. கலப்பு ஒன்றுதான் வழி. கலக்க, தடுப்பு கெடாத காட்டுச்செடி வேண்டும்.

அது இல்லை. தும்பிப்பொறிகளுக்குத் தோட்டம் எது காடு எது என்று தெரியாது. ஓயாமலரின் மகரந்தத்தை அவை சோலை ஓரங்களுக்கும் சுமந்துபோயிருந்தன. ஆண்டுக்கு ஒருமுறை விதைத்த பழைய செடிகள், பன்னிரண்டு மாதமும் விதைத்த கலப்புப் பிள்ளைகளுக்கு இடம் விட்டுக்கொடுத்து ஒழிந்துவிட்டன. எந்தச் சரிவில் எந்தக் காட்டுச்செடியைத் தொட்டாலும் வேர்காட்டி லீதியாளின் பெயரைத்தான் சொன்னது. ஆய்வகத்தின் குளிர்க்கிடங்கிலும் ஒன்றும் இல்லை. எல்லாரும் அடிக்கடி பூக்கும் செடிகளைத் தேடி அலைந்த காலத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதைச் சேமிக்க யாருக்குத் தோன்றும்?

எஸ்தருக்கு இது பேரிடராகத் தெரியவில்லை, ஒரு வாய்ப்பாகத் தெரிந்தது. தூய செடியை யார் கண்டெடுக்கிறார்களோ அவர் பெயரை இனி மலை முழுக்கச் சொல்லும். ஓயாமலரைக் காப்பாற்றிய பெயர். ஓயாமலருக்கும் மேலான பெயர்.

முழங்கால் வலிக்குக் கோயம்புத்தூரில் வைத்தியம் என்று சொல்லி விடுப்பு எடுத்தாள். ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த லீதியாள் விடுப்பில் கையெழுத்திட்டதோடு நிற்கவில்லை. மறுநாள் காலை அக்கா வீட்டுக்கே வந்து, கம்பளி நூலில் தானே பின்னிய ஒரு முழங்கால் பட்டையைக் கொடுத்துவிட்டுப் போனாள். "குளிர் ஏறாம கட்டிக்கோ, அக்கா. சும்மா அலட்சியமா இருக்காதே." அந்தப் பட்டையைக் கட்டிக்கொண்டுதான் எஸ்தர் மலையேறினாள். அது இறுக்கமாகவும் கதகதப்பாகவும் இருந்தது. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மேட்டுநிலம் திடீரென்று முடிந்து, கேரளப் பக்கம் செங்குத்தாக இறங்கும் மேற்கு விளிம்பில் தேடினாள். அங்கே காற்று ஆளைத் தள்ளும். தும்பிப்பொறி அங்கே ஒரு நிமிடம் நிற்காது. சிறகு முறிந்து விழும். கணக்கு சரியாக இருந்தது. பங்குனி மாதம், நரிக்கல் என்று மேய்ப்பர்கள் சொல்லும் பாறைக்குக் கீழே, காற்றுக்கு முதுகு காட்டிய ஒரு சரிவில், முழங்கால் உயரப் புல்லுக்கிடையே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருந்தது. மண்டியிட்டு ஓர் இலையைத் தொட்டாள்.

"காட்டு ஸ்ட்ராபெரி. கலப்பில்லை. கண்டெடுத்தவர், பதிவில்லை."

இன்னொரு இலை. "பதிவில்லை." இன்னொன்று. "பதிவில்லை." தங்கையின் பெயர் வர வேண்டிய இடத்தில் வந்த அந்த வெற்றிடம் அவளுக்குத் தேவாலயப் பாட்டுபோல் இருந்தது. சரிவெங்கும் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். புல்லுக்குள்ளிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று வந்துகொண்டிருந்தது. எங்கோ சிறு வயதில் கேட்ட மாதிரி இருந்தது. பாறை இடுக்கில் காற்று சுழலும் ஓசையாக இருக்கும் என்று நினைத்தாள். நல்ல ஓசை. லீதியிடம் சொன்னால் ரசிப்பாள் என்று தோன்றியது. உடனே அந்த நினைப்பை அடக்கினாள்.

இங்கே ஒரு விதியைச் சொல்ல வேண்டும். வேர்காட்டியின் பேரேட்டில், கண்டெடுத்தவர் என்ற இடம் செடியைப் பார்த்தவருக்குப் போகாது. அதன் குணம் பிள்ளைகளுக்கு இறங்குவதை முதலில் நிரூபித்தவருக்கே போகும். எஸ்தர் செடியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், வாசல் வேர்காட்டி அதைப் படித்து, உள்ளே எல்லார் மேசையிலும் அறிவித்துவிடும். அங்கே பருவப்பேழை வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் சில நாட்களில் கலப்பை முடித்து நிரூபித்துவிடலாம். 'யார் வேண்டுமானாலும்' என்று அவள் மனம் சொன்னபோது ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது.

மலையிறங்கும் சோதனைச்சாவடியிலும் வேர்காட்டி உண்டு, விதையை மட்டும்தான் அது படிக்காது. ஆகவே கலப்பைச் சரிவிலேயே செய்வது என்று முடிவு செய்தாள். அதற்கு ஓயாமலரின் மகரந்தம் வேண்டும். ஆய்வக மகரந்தத்தைத் தொட்டால் பதிவாகும். அவள் வீட்டு ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. ஓயாமலரிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் அவள் பொறுக்கியெடுத்த ஒரு கிளை ரகம். பழம் கொஞ்சம் கறுஞ்சிவப்பு, மற்றபடி பெரிய வித்தியாசமில்லை. 'ஓயாமலர், எஸ்தர் கிளை' என்று பேரேட்டில் ஏறியதோடு சரி. ஒரு விவசாயியும் அதைப் பயிரிடவில்லை. எந்தச் சந்தையிலும் அந்தப் பெயர் ஒலித்ததில்லை.

அந்தத் தொட்டியைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்துத் துணி மூடி எடுத்துப்போனாள். காட்டுச்செடிகளின் நடுவே இறக்கிவைத்து, பக்கத்தில் கூடாரம் போட்டாள். தொட்டிப் பூவின் மகரந்தத்தைத் தூரிகையில் தொட்டு, காட்டுப் பூவின் சூல்முடியில் வைத்தாள். ஆய்வகத்திலேயே நேர்த்தியான கை என்று பேர் வாங்கிய கை அது. கலந்த பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினாள். எதையும் மூடவில்லை. அவளுடைய தலைமுறையில் எந்தக் கலப்பாளரும் ஒரு பூவை மூடியதில்லை. கண்ணாடி அறையில் பூச்சி கிடையாது. தும்பிப்பொறி சொன்னால் பறக்கும், சொன்னால் நிற்கும். பூச்சி தொடாதிருக்கப் பூவுக்குப் பை மாட்டுவது என்ற வேலையே பாடப்புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

வேலை முடிந்ததும் தொட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரீங்காரம் பின்னால் தேய்ந்து மறைந்தது.

முதல் ஆண்டு மழை முந்திக்கொண்டு பழத்தை அழுகவைத்தது. இரண்டாம் ஆண்டு விதை கிடைத்தது. கோயம்புத்தூரில் வாடகைக்கு எடுத்த ஒரு பருவப்பேழையில் முளைக்கவைத்தாள். செடிகள் ஒருமுறை பூத்தன, நின்றன. தடுப்பு இறங்கியிருந்தது. அந்த இடத்திலேயே அவள் ஆய்வகத்துக்கு ஓடியிருக்கலாம். ஆனால் பழம் பட்டாணி அளவுதான் இருந்தது. இதை இப்போது கொடுத்தால், பழத்தைப் பெரிதாக்கும் கடைசி வேலையை லீதியாள் செய்வாள். கடைசி வேலையைச் செய்தவரைத்தான் ஊர் கொண்டாடும். முழுதாக முடித்துத்தான் கொடுப்பது. பழம் பருக்க வேறு தாய்ச்செடிகளின் விதையும் வேண்டியிருந்தது. மூன்றாம் பங்குனியிலும் தொட்டியைக் கூடையில் வைத்து மூடினாள்.

அந்த மூன்று ஆண்டுகளில் கீழே மலை கறுத்தது. கேத்தியில் தொடங்கி, கோத்தகிரிவரை தோட்டங்களைப் பிடுங்கி எரித்தார்கள். சந்தையில் வேர்காட்டி அழுகிய பழத்தையும் தொட்டு, அதே கனிந்த குரலில் லீதியாள் ஞானமுத்து என்றது. கேட்டவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் துப்பவும் செய்தார். எஸ்தர் அதைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று அவளே எதிர்பார்த்திருந்தாள். வந்தது சந்தோஷமில்லை. திட்டு வாங்குவதற்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது, அதுகூடத் தனக்கு இல்லை என்ற பழைய புகைச்சல்தான் வந்தது.

லீதியாள் இளைத்துப்போனாள். பகல் உணவு நேரத்தில் அக்காவின் அறைக்கு வந்து, சாப்பாட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் கேட்டாள்:

"எங்கேயாவது ஒரு மேடு மிச்சமிருக்காதா, அக்கா? உனக்குத் தெரியாத சரிவா?"

"இருந்தா நீதான் கண்டுபிடிப்பியே," என்றாள் எஸ்தர்.

லீதியாள் சிரித்தாள். "எனக்கு அட்டை கடிச்சாத்தான் உண்டு." பிறகு டப்பாவைத் திறந்து, வறுவலில் பாதியை அக்கா பக்கம் தள்ளினாள். எஸ்தர் அதைச் சாப்பிட்டாள்.

மூன்றாம் ஆண்டு ஆவணியில், கறுஞ்சிவப்பில், கட்டைவிரல் பருமனில் பழம் வந்தது. ஒருமுறை பூத்து, காய்த்து, நின்றது. எஸ்தர் அந்தச் செடியை ஆய்வக வாசல் வழியாகவே எடுத்துப்போய், இயக்குநரின் மேசைமேல் வைத்தாள். வாசலிலேயே வேர்காட்டி சொல்லியிருந்ததால், எல்லார் தலையும் திரும்பியது. லீதியாள் தன் கருவியால் மறுபடி தொட்டாள்.

"ஓயாமலர், எஸ்தர் கிளை. கலந்தது, காட்டு ஸ்ட்ராபெரி. தடுப்பு, முழுமை."

லீதியாள் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தாள். "எப்போ கிடைச்சுது?"

"நல்லா நிரூபிச்சிட்டுச் சொல்லணும்னு இருந்தேன்."

"எப்போன்னு கேட்டேன், அக்கா."

"மூணு பங்குனி ஆச்சு."

கத்துவாள் என்று எஸ்தர் எதிர்பார்த்தாள். அதற்கான பதில்கள் எல்லாம் அவளிடம் தயாராக இருந்தன. லீதியாள் கத்தவில்லை. மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே, "மாதி போன வருஷம்தான் தோட்டத்தைப் பிடுங்கினா," என்றாள். "அதுவரைக்கும் நம்பிட்டிருந்தா."

"நான் கொடுத்திருந்தா உன் பேர்லதான் போயிருக்கும்."

"போயிருக்கும்னு நினைக்கிறியா, இல்ல நான் எடுத்துக்குவேன்னு நினைக்கிறியா?"

லீதியாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மேசைத்திரையை இழுத்து, பதிவுத்தாளில் கண்டெடுத்தவர் என்ற இடத்தில் அக்காவின் பெயரைத் தானே எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டாள்.

"பேர் உன்னோடது. இனிமே அதை யாரும் தொடமாட்டாங்க. எனக்குச் சரிவைக் காட்டு. இந்த விதை எத்தனை தாய்கிட்டேர்ந்து வந்தது?"

"மூணு."

"மூணு தாயை வெச்சு மலை முழுக்க நட்டா, இன்னொரு பூஞ்சணம் வந்து மறுபடி மொத்தமா வாரிட்டுப் போகும். ஓயாமலருக்கு நான் செஞ்ச தப்பு அதுதான். ஒரே தாய். குறைஞ்சது இருநூறு தாய்ச்செடி வேணும், ஒவ்வொண்ணும் வேற வேறயா. உன் சரிவுல அத்தனை இருக்குமா?"

"இருக்கு," என்றாள் எஸ்தர். "நிறைய இருக்கு." பல ஆண்டுகளில் முதல்முறையாகத் தங்கைக்கு எதையோ கொடுப்பதுபோல் அதைச் சொன்னாள்.

மழை விட்ட இடைவெளி பார்த்து, ஐப்பசியில் கிளம்பினார்கள். பேரேட்டு அலுவலகத்திலிருந்து நவாஸ் என்ற சான்றாளர் உடன் வந்தார். சரிவின் தூய்மைக்குச் சான்று தந்து, கண்டெடுத்தவர் பெயரை மூல இடத்திலேயே பதிவுசெய்வது அவர் வேலை. ஏறும் வழியெல்லாம் எஸ்தர் முன்னால் நடந்தாள். முழங்காலில் கம்பளிப் பட்டை. இந்த மாதத்தில் சரிவு வெறும் பச்சையாக இருக்கும் என்று நவாஸிடம் விளக்கிக்கொண்டே போனாள். பூவைப் பார்க்க அவர் பங்குனியில் ஒருமுறை வர வேண்டும் என்றாள். ஓய்வில் இருக்கும் செடிதான் பார்க்க அழகு என்றும் சொன்னாள். அந்த வரியை அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள், பேட்டிகளுக்காக.

நரிக்கல்லைச் சுற்றித் திரும்பியதும் நின்றாள்.

சரிவு வெள்ளையாக இருந்தது. பங்குனியில்கூட அப்படி இருந்ததில்லை. புல்லை அமுக்கிக்கொண்டு, பாறை விளிம்புவரை, பூவும் பிஞ்சும் கறுஞ்சிவப்புப் பழமும் ஒரே காம்பில்.

"மேடம் பச்சைன்னு சொன்னீங்க," என்றார் நவாஸ்.

லீதியாள் அக்காவைத் தாண்டி மெல்ல இறங்கி, பூக்களுக்கிடையே குந்தினாள். ரீங்காரம் கேட்டது. ஒரு பூவின்மேல் கருமையும் பொன்னுமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. பின்கால்களில் மஞ்சள் பொடி அப்பியிருந்தது. காற்று வீசியபோது அது சிறகை மடக்கிப் புல்லோடு புல்லாகப் பதுங்கிக்கொண்டது. காற்று தணிந்ததும் தரையை ஒட்டியே அடுத்த பூவுக்குப் போயிற்று. நவாஸ் அப்படி ஒன்றை உயிரோடு பார்த்ததே இல்லை. எஸ்தரும் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"பாறைத்தேனீ," என்றாள் லீதியாள். அவள் குரலில் ஒரு கணம் குழந்தையின் மகிழ்ச்சி வந்துவிட்டுப் போனது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, நீ இங்கேயேவா கலந்தே?"

"ஆமா."

"பூவுக்குப் பை மாட்டினியா?"

"எதுக்கு?" என்று கேட்ட பிறகுதான் எஸ்தருக்குத் தான் என்ன கேட்டோம் என்பது விளங்கியது.

மூன்று பங்குனிகள், ஒவ்வொன்றிலும் சில நாட்கள், அந்தத் தொட்டி இங்கே திறந்தவெளியில் இருந்திருக்கிறது. அவள் தூரிகையால் ஒரு பூவைத் தொட்ட நேரத்தில், இவை எத்தனை பூவைத் தொட்டிருக்கும்? காட்டுச்செடி மூன்று நான்கு மழைக்காலம்தான் தாங்கும். பழையவை ஆண்டுக்கு ஒருமுறை விதைத்துவிட்டு ஒவ்வொன்றாய்ப் போக, அவற்றின் பிள்ளைகள் அடுத்த பங்குனியில் தொட்டியோடு மறுபடி கலந்து, தடுப்பை இழந்த பேரப்பிள்ளைகள் ஓய்வில்லாமல் விதைத்து இடத்தை நிரப்பியிருக்கின்றன. அவள் தேவாலயப் பாட்டுபோல் ரசித்துக் கேட்ட ஓசையோடு ஓசையாக அந்த வேலை நடந்திருக்கிறது.

நவாஸ் தன் வேலையைத் தொடங்கியிருந்தார். சான்றுக்குச் சரிவின் எல்லாப் பக்கமும் தொட்டாக வேண்டும். கனிந்த பெண்குரல் காற்றில் தெளிவாகக் கேட்டது.

"ஓயாமலர், எஸ்தர் கிளை. மூலம், கரடிப்பள்ளம் சரிவு. கண்டெடுத்தவர், லீதியாள் ஞானமுத்து. கிளை எடுத்தவர், எஸ்தர் ஞானமுத்து."

இரண்டடி தள்ளி இன்னொரு செடி. லீதியாள் ஞானமுத்து. எஸ்தர் ஞானமுத்து. பாறை ஓரம். எஸ்தர் ஞானமுத்து. எந்தச் சந்தையிலும் ஒருமுறைகூட ஒலிக்காத பெயரை, ஆளில்லாத அந்த விளிம்பில், கருவி ஒவ்வொரு செடியிடமிருந்தும் வாங்கிச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே போனது. எப்போதும் தங்கை பெயருக்கு அடுத்து.

"மேலே இன்னும் போகணுமா?" என்று நவாஸ் தயங்கிக் கேட்டார்.

லீதியாள் அக்காவைப் பார்த்தாள். தன் வேர்காட்டியை எடுத்து அவளிடம் நீட்டினாள். "ரெண்டு பேராத் தொட்டா சீக்கிரம் முடியும். பழைய செடி எங்கேயாவது புல்லுக்கடியில ஒண்ணு ரெண்டு தங்கியிருக்கும். பூக்காததைப் பாரு, அக்கா. பூத்ததை விட்டுடு."

எஸ்தர் வாங்கிக்கொண்டாள். முழங்கால் பட்டையை இழுத்துச் சரிசெய்து, ஈரப்புல்லில் மண்டியிட்டாள். வெள்ளைப் பூக்களை இரண்டு கையாலும் விலக்கிவிட்டு, அடியிலிருந்த பச்சையில் ஓர் இலையைத் தேடித் தொட்டாள். தன் பெயர் வந்தது. அடுத்ததைத் தொட்டாள். பதிவில்லை என்ற அந்தச் சொல்லை எங்கிருந்தாவது ஒரு செடி சொல்லாதா என்று, சரிவின் ஓரத்திலிருந்து தவழத் தொடங்கினாள்.